கொழுப்பு ஒதுங்கிய பக்கம்

டான்சில் என்று சொல்லி
மூன்று மாதம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.
வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தவர்களுக்கெல்லாம்
வலப்பக்கச் சதை நடுவே தள்ளி நின்றது தெரிந்தது.
தள்ளியது யார் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

மிக்கேலம்மாள், வயது நாற்பத்தேழு.
பாம்பன் தெற்குவாடியில் மீன் ஏலம் கூறுபவர்.
"ரெண்டு தரம் வரைக்கும் குரல் வருது டாக்டரம்மா,
மூணாந் தரத்துக்குக் காத்துதான் வருது.
நேத்து ஒரு கூடை சீலாவைக்
கையை ஆட்டியே முடிச்சு விட்டேன்."

கேணிக்கரை ஸ்கேன் சென்டர், மதியம் இரண்டு மணி.
தோடு, தாலி, சேஃப்டி பின் நான்கு,
உத்தரியக் கயிற்றில் தொங்கிய சின்னப் பித்தளை வளையம்,
எல்லாம் ஒரு பழுப்பு உறைக்குள் போயின.
முழங்கையில் காய்ந்திருந்த செதிலையும் சுரண்டப் போனார்.
இருக்கட்டும் என்றேன்.
காந்தத்துக்கு மீன் மேல் கோபமில்லை.

தாடைக்குக் கீழே விரல் வைத்து லேசாக அழுத்தினேன்.
இருமினார்.
எடுத்தேன், நின்றது.
மறுபடி வைத்தேன்.
இருமினார்.
"என் பேச்சைக் கேக்காதது
உங்க விரலைக் கேக்குது பாருங்க."

எச்சில்கூட விழுங்காமல் படுக்கச் சொல்லியிருந்தோம்.
எந்திரம் தடதடக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில்
மைக்கில் கரகரத்தது:
"இது எத்தனை குதிரைச் சக்தி?"
டெக்னீசியன் சேகு சிரித்துவிட்டான்.
அந்த வரிசைப் படம் முழுக்கக் கலங்கிப் போக
முதலிலிருந்து எடுத்தோம்.

மண்டையோட்டின் அடியிலிருந்து ஒவ்வொரு வெட்டாக
கீழே இறங்குகிறேன்.
கட்டியை நான் முதலில் பார்ப்பதில்லை.
சாம்பல் நிறம், உருண்டை,
அது யாராக வேண்டுமானாலும் இருக்கும்.
தொண்டைச் சுவரை ஒட்டி
முக்கோணமாகக் கொஞ்சம் கொழுப்பு உண்டு,
வெள்ளையாக, யார் வம்புக்கும் போகாமல்.
அது எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது?
உள்ளே என்றால் உமிழ்நீர்ச் சுரப்பியின் வேலை.
முன்னே என்றால்
பின்னாலிருந்து வந்த ஆள்.

தண்ணீருக்குள் கிடக்கும் பாரை
இந்தக் கரையில் யாரும் கண்ணால் தேடுவதில்லை.
நீவாடு எங்கே உடைகிறதென்று பார்ப்பார்கள்.
பார்க்கச் சொல்வதும் பார்,
படகை உடைப்பதும் பார்.

முன்னே ஒதுங்கியிருந்தது.

தமனி ஒரு பக்கம், சிரை ஒரு பக்கம்.
பிறந்ததிலிருந்து சேர்ந்தே போகும் இரண்டையும் விலக்கி
நடுவில் உட்கார்ந்திருந்தது.
அந்த இடுக்கில் ஓடுவது ஒரே ஒரு நரம்பு.
மூளையில் புறப்பட்டு வயிற்றுக்குப் போகிற வழியில்
குரலுக்கும் ஒரு கிளை கொடுத்துவிட்டுப் போவது.

மருந்து ஏற்றியபின் மெதுவாக நிறம் பிடித்தது.
ரத்தம் பாயும் கறுப்புப் புள்ளிகள் உள்ளே இல்லை.
ஓரம் வழுவழுப்பு. எலும்பில் அரிப்பில்லை.
நான்கு சென்டிமீட்டர்.
அறிக்கையில் 'பெரும்பாலும்' என்று ஒரு சொல் போட்டேன்,
எடுத்தேன்,
மறுபடி போட்டேன்.

"புத்தா?"
"அப்படித் தெரியலை. நரம்போட உறையில முளைச்சது."
"எடுத்துரலாம்ல?"
"எடுக்கலாம்.
எடுத்தா இருக்கிற குரலும் போகலாம்."

சுவரில் மருந்துக் கம்பெனி காலண்டர்.
எழுந்து போய்த் தாள்களைப் புரட்டினார்,
மார்ச், ஏப்ரல்.
"இது வருசத்துக்கு எவ்வளவு வளரும்?"
"ஒண்ணு, ரெண்டு மில்லிமீட்டர்."
"என் நகம் இதைவிட ஓடுது."
பதினைந்தாம் தேதியில் விரலை வைத்தார்.
"தடைக்காலம். அறுபத்தோரு நாள்
விசைப்படகும் போகாது, ஏலமும் கிடையாது.
அதுல வெட்டிக்கிறேன்.
போட்டு எறங்குறதுக்குள்ள குரல் திரும்புனா சரி."
"திரும்பலைன்னா?"
"எதிராளி ஏத்திக் கேக்குறப்ப
பதில் உடனே சொல்லக் கூடாது டாக்டரம்மா."

மதுரைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.
பழுப்பு உறையை மேசைமேல் கவிழ்த்தார்.
தாலியைப் போட்டுக்கொண்டு
சேஃப்டி பின்களை எண்ணத் தொடங்கினார்,
ஒண்ணு, ரெண்டு,
அப்புறம் காற்று,
அப்புறம் காற்று.
நான்கும் இருந்தன.