தட்டுக்குப் போகாத எலும்பு

இருபத்தாறாம் தேதி காலை.
மீன்காரம்மா வரமாட்டாள்,
இன்று அவர்கள் கடலுக்குப் பால் ஊற்றும் நாள்.
நெல்லித்தோப்பு வாசல்களில் காகித நட்சத்திரங்கள்
அணைக்க ஆளில்லாமல் பகலிலும் எரிகின்றன.
ஃப்ரிட்ஜைத் திறக்கிறேன்.
கீழ்த்தட்டில், கேக் வந்த டப்பாவில்
உன்னைக் கவிழ்த்தது
கிடக்கிறது.

சவரி, நீ மறந்திருக்கமாட்டாய்.
இருபதாம் தேதி ராத்திரி
வில்லியனூரில் உயிரோடு வாங்கி
சாக்கில் கட்டி, டிவிஎஸ் ஃபிஃப்டியின் முன்னால் நிறுத்தி,
ஆட்டோ வைத்துக்கொள் என்று நான் போனில் கத்தியதைக்
காதில் போட்டுக்கொள்ளாமல் வந்தாய்.
அரும்பார்த்தபுரம் பாலத்தில்
வான்கோழி சாக்கிலிருந்து தலையை நீட்டி
உன்னைப் பார்த்ததாம்.
நீயும் அதைப் பார்த்தாயாம்.
பிறகு இரண்டு பேருமே ரோட்டைப் பார்க்கவில்லை.

தாடை இரண்டு இடத்தில்.
ஜிப்மரில் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும்
கம்பியால் சேர்த்து முடிந்தார்கள்,
அரிசி மூட்டை வாயைத் தைப்பதுபோல.
ஆறு வாரம். எல்லாம் குழல் வழி.
அதற்கு ஓர் இறகு உதிரவில்லை.
தனி ஆட்டோவில் வந்து இறங்கியது,
இருநூற்றைம்பது கேட்டார், கையில் இருநூறு இருந்தது.
நாலு நாள் மொட்டைமாடியில் புழுங்கலரிசி தின்றது.

நேற்று பதினோரு பேர்.
மூலை பேக்கரி அடுப்பில் கொடுத்துச் சுட்டு வாங்கியது
தாம்பாளத்தில் வந்து உட்கார்ந்ததும்
உன் தங்கை அந்துவானேத்
பிள்ளைக்கு என்று தொடையை எடுத்து
தானே தின்றாள்.
நீ ஓரத்தில் மாதுளை ஜூஸோடு.
எந்தப் பக்கம் எலும்பு நொறுங்கினாலும்
உன் கண் அந்தப் பக்கம் போனது.
பாவமாக இருந்தது.
கொஞ்சம் சந்தோஷமாகவும், பொய் சொல்வானேன்,
இருபத்திரண்டு கிறிஸ்மஸில் முதல் தடவை
என் சமையலைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

எச்சில் எலும்பெல்லாம் எதிர்வீட்டு நாய்க்கு.
தட்டுக்குப் போகாததைத் தனியே எடுத்துவைத்திருந்தேன்.
கழுத்து, முதுகு,
குக்கரில் அடங்காத நெஞ்சுக்கூடு.
அருவாமனையைத் திருப்பிப் பிடித்து
அதை இரண்டு இடத்தில் உடைத்தேன்.
வேண்டுமென்றுதான்.

சின்ன வெங்காயம் பன்னிரண்டு, முழுப் பூண்டு ஒன்று,
பிரிஞ்சி இலை, கைப்பிடி மிளகு, அதில் பாதி சீரகம்.
ஆறு விசில் விட்டு
அப்புறம் சிம்மில் முக்கால் மணி நேரம்.
மழை வருவதுபோல் இருட்டி, வராமல் போனது.
மிளகுத் தோல் குழலை அடைக்கும் என்று
டீ வடிகட்டியில் ஒரு தரம் வடித்தேன்.
நீ தூக்கிப்போட விடாத பழைய வேட்டியைக் கிழித்து
அதில் இன்னொரு தரம்.
கேட்காமல்தான் கிழித்தேன், நீ எப்படிக் கத்துவாய்?

டம்ளரில் தெளிந்து நின்றது.
மேலே கொழுப்பு, பத்துப் பைசா பத்துப் பைசாவாக.

நீ உறிஞ்சினாய்.
காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குச்சியில் ஏறுவதுபோல
குழலில் அது ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கண்ணை மூடினாய்.
மூடியே இருந்தாய்.
பிறகு பேனாவுக்குக் கை நீட்டினாய்.

எக்ஸ்ரே உறையின் பின்பக்கம்
இத்தனை நாளில் நீ எழுதியது இவ்வளவுதான்.
தண்ணி. ஃபேன். வலிக்குது.
அது என்னையே பார்த்துச்சு.
அதற்குக் கீழே இப்போது,
மெதுவாக, பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில்:
உப்பு பத்தல.

கம்பி போட்டும் அடங்காத வாய்!
சிரித்துவிட்டேன்.
நீயும் சிரிக்கப் பார்த்தாய்,
பல்லிடுக்கில் காற்று ஸ்ஸ் என்று,
ஏழாவது விசில்.
கண்ணில் தண்ணீர் வந்தது, வலியா என்று கேட்டேன்,
நீ எழுதவில்லை.

வாசலில் ஹாரன்.
ஆட்டோக்காரர், மீதி ஐம்பதுக்கு.
"சாருக்கு எப்படி இருக்கு?"
பரவாயில்லை என்றேன்.
தயங்கி, மாடிப்பக்கம் அண்ணாந்து,
"அது?"

உள்ளே போய் உப்புப் போட்டுக் கலக்கி
ஒரு டம்ளர் கொண்டுவந்து நீட்டினேன்.
கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.
ஊதி ஊதிக் குடித்தார்.
ஐம்பதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.