பனிக்கால மணல்

நவம்பர் முதல் மார்ச் வரை
நான்தான் தூவினேன்.
யூவாவிலிருந்து சுல்கவா போகும் சாலையில்
விடியாத நாலு மணிக்கு,
ஹீட்டர் முணுமுணுக்க
வானொலியில் யாரோ மைனஸ் பத்தொன்பது என்று சொல்ல,
உறைந்த வளைவுகளின் மேல்
உடைத்த கருங்கல்.
பள்ளிப் பேருந்து வழுக்காதிருக்கட்டும்.
பால் லாரி ஏரிக்குள் இறங்காதிருக்கட்டும்.

பிர்ச் மரங்கள் நெருக்கி நிற்கும் ஒரு திருப்பம் உண்டு,
எதிரே வருவது என்னவென்று
வந்த பிறகே தெரியும்.
அங்கே மட்டும் நெம்புகோலை
ஒரு புள்ளி கூட்டி வைப்பேன்.
யாரும் சொல்லிச் செய்ததில்லை.

ஏப்ரலில் அதே வண்டியின் முன்னால்
உருளைத் துடைப்பத்தை மாட்டித் தருவார்கள்.
போட்டதை வார வேண்டும்.
சம்பளத்தில் மாற்றமில்லை.

காருக்குள் இருப்பவருக்கு அது
அடியில் கேட்கும் சரசரப்பு,
பாட்டின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும்.
பைக்கில் வருபவனுக்கோ
உள்ளங்கை அகலத்தில் இரண்டு ரப்பர் துண்டுகள்;
அவனுக்கும் தரைக்கும் உள்ள உறவு
மொத்தமே அவ்வளவுதான்.
அதற்குள் நான் தூவிய கல் புகுந்தால்
உருளும்.

அட்டவணைப்படி அந்தத் திருப்பம்
வியாழக்கிழமைக்கு.
வெயில் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது.

ஏரியில் பனிக்கட்டி கறுத்துக் கிடந்த மதியம்,
ஆறு மாதம் கொட்டகையில் போர்த்தி வைத்ததை
வெளியே எடுத்தான் இல்மோ கர்வோனென்.
டயரில் காற்று பார்த்தான். சங்கிலிக்கு எண்ணெய் விட்டான்.
கார்ச் சக்கரங்கள் துடைத்து வைத்திருந்த
தடத்தில்தான் வந்தான்.
எதிரே ஒரு கேரவன்
தன் பங்குக்கு மேல் சாலையை எடுத்துக்கொள்ள,
அரை முழம் ஒதுங்கினான்.
அந்த அரை முழத்தில்
என் குளிர்காலம் முழுவதும் இருந்தது.

சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கைத் தொடாதே
என்று இருபது வருடம் தெரிந்த கை அது.
தெரிந்த கைதான் தொட்டது.

நான் அப்போது பதினோரு கிலோமீட்டர் தள்ளி
படகுத் துறை எதிரில் பெருக்கிக்கொண்டிருந்தேன்.
ஆம்புலன்ஸ் வந்தது, ஒதுங்கி வழிவிட்டேன்,
தேநீர் குடித்தேன்.

மறுநாள் போய்ப் பார்த்தபோது
தாரில் வெள்ளையாக ஒரு கீறல்.
அடி மேல் அடி வைத்து அளந்தேன்: முப்பத்தொன்று.
என் பூட்ஸ் பெரியது.
முடியும் இடத்தில் வேலிக்கம்பம் ஒன்று,
அவன் அதைத் தவறவிட்டது
கொஞ்சம் இந்தப் பக்கமாக.

மிக்கெலி மருத்துவமனையில்
காறை எலும்புக்குக் கட்டு, இடுப்பில் தகடு.
வலது கை விரித்து வைத்திருந்தான்,
உள்ளங்கையில் தோல் இல்லை.
நர்ஸ் இடுக்கியால் எடுத்ததையெல்லாம்
மாத்திரைப் புட்டி ஒன்றில் கேட்டு வாங்கியிருந்தான்.
குலுக்கிக் காட்டினான்.
எங்கள் குவாரிக் கல்.
சாம்பலுக்குள் இளஞ்சிவப்பு ஓடும்,
எங்கிருந்தாலும் எனக்குத் தெரியும்.

"நான் தூவியது" என்றேன்.

கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"எப்போது பெருக்குகிறாய்?"
"நேற்று ஆயிற்று."
வெகுநேரம் கழித்து,
நான் கேட்காத ஒன்றுக்குப் பதில் மாதிரி,
"கையுறை பெட்டிக்குள்ளேயே இருந்தது,
கதகதப்பாக இருக்கிறதே என்று" என்றான்.

இந்த வருடம் மார்ச் கடைசியிலேயே
கேட்காமல் வண்டியை எடுத்தேன்.
"சிர்க்கா, வரிசைப்படி வா" என்று
ரேடியோவில் கத்துகிறார் மேலாளர்.
சிக்னல் சரியில்லை என்கிறேன்.
திருப்பத்தில் இது மூன்றாவது சுற்று.
ஓரத்துப் புல்லில் இன்னும் பனி.

கண்ணாடியில் இரண்டு விளக்குகள் தெரிகின்றன.
எதிரே இன்னொருவன் வர,
இடது கையைத் தாழ்த்தி, இரண்டு விரல் நீட்டி
தங்களுக்குள் வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள்.
எனக்கு யாரும் சொல்வதில்லை.
நான் கிளப்பும் புழுதியைத் திட்டிக்கொண்டு
கியரைக் குறைக்கிறார்கள்.

திட்டட்டும்.