மீதி நேரம்

ஆர்லிஸ் பெக்வித் தூக்கத்தில் செத்தான்.
எந்தக் காளைக்கும் அதில் பங்கில்லை.

மறுவாரம் லவீனா என்னைக் கூப்பிட்டு
ஒரு கணக்கு நோட்டைக் கையில் கொடுத்தாள்.
தீவனக் கடையில் சும்மா தருவது;
அட்டையில் ஒரு பன்றி சிரிக்கிறது.
ஊர், தேதி, கட்டிய பணம், பெட்ரோல்,
கடைசிக் கட்டத்தில் நொடி.
மூன்று புள்ளி ஒன்று. எட்டு. எட்டு.
ஒன்று புள்ளி ஆறு: அதன் பக்கத்தில் ‘காறை எலும்பு’.

நானும் ஏறியவன்தான், பணம் கட்டி, பெயர் கொடுத்து.
மூன்று நொடிக்கு மேல்
என்னைப் பொறுத்துக்கொண்ட காளை கிடையாது.
ஆகவே வண்டி ஓட்டினேன்.
சூ ஃபால்ஸில் சாயங்காலம் இறங்கினால்
ஷையானில் மறுநாள் பகலில் ஏற வேண்டும்.
உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை
முழங்காலில் கட்டிக்கொண்டு
அவன் பின்சீட்டில் சாய்ந்துவிடுவான்.
அவன் குறட்டையோடு
நெப்ராஸ்கா முழுவதையும் நான் தனியாகப் பார்த்தேன்.

கதவு திறந்தபின் நடப்பதை
காசு கொடுத்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.
நான் பார்த்தது அதற்கு முன்னால்.
இரும்புக் கூண்டுக்குள்
எண்ணூறு கிலோ மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.
பிசின் தேய்த்த கையுறைக்குள் கயிற்றை இழுத்துக் கொடுப்பேன்.
மூடிய விரல்களின் மேல்
மறு முஷ்டியால் இரண்டு குத்து குத்துவான்.
பிறகு ஒரு தலையசைப்பு,
சந்தையில் விலை படிந்ததுபோல.

ஒரு கை கயிற்றில்.
மற்றது எதையும் தொடக்கூடாது,
காளையையும், தன்னையும்.
பட்டால் பூஜ்யம்.
அந்த வெறுங்கையால்தான் ஜெயித்தான் என்பேன் நான்.

மதிப்பெண்ணில் பாதி காளைக்கு.
சோம்பேறிக் காளை வாய்த்தவன்
ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் தோற்பான்.
அநியாயம் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

லாஸ் வேகாஸில் வாய்த்தது வட்டிக்காரன்.
ஆமாம், காளையின் பெயர்தான்.
இடப்பக்கமாகச் சுழன்று
தலையைப் பின்னுக்கு எறிந்து
கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கிற்று.
மணி அடித்தபோதும் அவன் மேலேதான் இருந்தான்.
சாம்பியன்.

சோற்றுத்தட்டு அகலத்துக்குத் தங்க பக்கிள்.
அன்று ராத்திரி ஹோட்டல் குளியலறையிலிருந்து
தாழ்ந்த குரலில் என்னைக் கூப்பிட்டான்.
இரண்டு கையும் தூக்க வரவில்லை.
பக்கிளை நான்தான் கழற்றிவிட்டேன்.
இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

லவீனா நொடிகளைக் கூட்டியிருந்தாள்.
பென்சிலால், அடித்துத் திருத்தி, இரண்டு தடவை.
பத்தொன்பது வருஷத்துக்கு
ஒரு மணி நாற்பத்தொரு நிமிஷம்.

“மீதி நேரமெல்லாம் எங்கே இருந்தான்?” என்றாள்.
கேலியாகக் கேட்கவில்லை.
அந்த வருஷங்களில் அவள் வீட்டில் இருந்தாள்.

என் வண்டியில், என்றேன்.
தூங்கிக்கொண்டு.