28, 29

வெள்ளி முளைக்குமுன் கடை திறக்கிறேன்.
தெலுக் பிளாங்கா உணவங்காடி, எண் இருபத்தொன்பது.
மாவுக் குண்டானை மேடையில் ஏற்றும்போது
சுவருக்கு அப்பால் சியூ எங்
எலும்புச் சூப்புக்கு அடுப்பைத் திருகும் சத்தம்.

எங்களுக்கு நடுவே நாலு அங்குலச் சுவர்,
வெள்ளை ஓடு பதித்தது.
அந்தப் பக்கம் மாதம் முந்நூற்றுச் சொச்சம்.
தெருவில் நின்ற தள்ளுவண்டிகளை உள்ளே அழைத்து
உட்காரவைத்த காலத்தில்
அரசாங்கம் சொன்ன வாடகை; பெரிதாக ஏறவில்லை.

இந்தப் பக்கம் ஆயிரத்து எண்ணூற்று எண்பது.
நானே எழுதி, நானே உறையை ஒட்டி,
நானே பெட்டியில் போட்ட தொகை.
எனக்கு அடுத்தவன்
அறுநூறு குறைத்து எழுதியிருந்தான்.
அது தெரிந்த நாள்முதல்
ஒவ்வொரு ஒன்றாம் தேதியும்
அந்த அறுநூறை மட்டும் தனியாக எண்ணுகிறேன்.
யாரும் கேட்கவில்லை. நானாகக் கொடுத்தது.
சந்தை என்றால் இதுதான் போல:
இருட்டறையில் இல்லாத ஆளோடு மல்லுக்கட்டி
ஜெயித்து வருவது.

ஆனாலும் தோசைக்கு
இரண்டு வெள்ளி இருபது காசுக்குமேல் சொல்ல முடியாது.
சொன்னால் வரிசை அவள் நூடல்ஸுக்கு நகர்ந்துவிடும்.
அவள் ஏற்றாதவரை நான் ஏற்ற முடியாது,
அவளுக்கு ஏற்றவேண்டிய அவசியம் இல்லை.
இரண்டு தத்துவங்கள்
ஒரே தட்டில் வந்து ஒரே மேசையில் உட்காருகின்றன.
நாக்குக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

கப்பல் பட்டறை வேலாயுதன்,
"எல்லாவற்றையும் அரசாங்கமே பார்த்துக்கொள்ளணும்" என்பார்.
டாக்ஸி ஹமீது,
"அது கையை எடுத்தாலே போதும், நாடு தானா ஓடும்."
சாம்பார் ஆறும்வரை சண்டை.
பிறகு இருவருமே கைப்பேசியில் வவுச்சரைத் திறந்து
என் கட்டத்தின்மேல் காட்டுவார்கள்.
அந்தத் தோசையில் பாதி அரசாங்கம், பாதி நான்.
சட்னி யார் கணக்கு என்று
இன்னும் பிடிபடவில்லை.

அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டாளாம் ஒருத்தி.
எனக்கு அந்தச் சிக்கல் இல்லை,
அவன் முந்திக்கொண்டான்.
நான் நம்பியது கல்லை. தோசைக் கல்லை.
அதைக்கூட அதிகாரி வந்து
விரலால் தடவிப் பார்த்துத்தான் 'ஏ' ஒட்டிப் போனார்.
அன்று எரிச்சல்.
மறுநாள் ஒரு தாய் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான்
பிள்ளைக்கு ஊட்டினாள்.

போன வாரம் சியூ எங் சுவரைத் தட்டினாள்.
முழங்கால் போதும் என்கிறதாம்.
மகன் வங்கியில்; சூப்பின் ஆவி
அவன் மூக்குக்கண்ணாடிக்கு ஆகாது.
இருபத்தெட்டு இனி ஏலத்துக்கு.
"மதியா, நீயாக இருந்தால் எவ்வளவு போடுவாய்?"
அக்கறையில் கேட்டாளா,
தன் முப்பத்தாறு வருஷத்துக்கு
விலை தெரிந்துகொள்ளக் கேட்டாளா.

ரசீதின் பின்பக்கம் இரண்டாயிரம் என்று எழுதினேன்.
வருகிறவன் அவ்வளவு கட்டினால் விலை ஏற்றுவான்,
அவன் ஏற்றினால் நானும் ஏற்றலாம்...
இந்தக் கணக்கு என்னைக் கேட்காமலே ஓடி முடிந்திருந்தது.
அடித்தேன்.
முந்நூறு. அதையும் அடித்தேன்,
அது என் கையெழுத்தில் பொருந்தவில்லை.

குறைந்த தொகை என்று ஒன்றும் இல்லையாம்;
ஆள் வராத மூலைகளை
ஒற்றை வெள்ளிக்கு எடுத்தவர்களும் உண்டாம்.
'ஒரு வெள்ளி' என்று எழுதி
முன்பக்கமாக நீட்டினேன்.

தமிழ் எழுத்தை விளக்கில் பிடித்து
அப்படியும் இப்படியும் திருப்பினாள்.
"இது எவ்வளவு?"
இரண்டு புளோக்குகளுக்கு நடுவே
அப்போதுதான் அது ஏறியிருந்தது, தனியாக, மினுக்காமல்.
விரலால் காட்டினேன்.
"விலை கேட்டால் வானத்தைக் காட்டுகிறாய்" என்று
சிரித்துவிட்டுத் தாளை ஏப்ரனில் செருகினாள்.

இரண்டு சாதா, ஒரு முட்டை என்று
ஒருவர் வந்து நின்றார்.
கல்லில் தண்ணீர் தெளித்தேன்.