பதினான்கு கிலோ

"பதினாலு கிலோ குறையணும்" என்றார்
காட்பாடி டாக்டர், சீட்டிலிருந்து நிமிராமல்.
அதே எடைக்கு ஒரு பை கட்டி
முதுகில் போட்டுக்கொண்டு
ஜவ்வாது மலை ஏறினேன்.
கூடாரம், குண்டான், சாமை அரிசி,
நஸ்ரீன் தூக்க மறுத்த தண்ணீர்க் கேன்.

மேட்டில் பையை இறக்கியதும்
உடம்பு தரையை விட்டு
ஒரு விரற்கடை எழும்பியது.
ஓ, இதைத்தான் சொன்னாரா மனுஷன்.

ராத்திரி சாமைக் கஞ்சி, கொள்ளுத் துவையல்.
எமல்டா முள்ளுக் கத்தரிக்காயைத் தணலில் சுட்டுவிட்டு
எண்ணெய் எங்கே என்றாள்.
கொண்டுவரவில்லை என்றேன்.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு தட்டு வழிக்கும் சத்தம்.

பதினொன்றரைக்குப் பசி வந்து
நரி மாதிரி கூடாரத்தைச் சுற்றியது.
நஸ்ரீன் பையில் ஆற்காட்டு மக்கன் பேடா இருப்பது
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும்.
ஜிப்பைப் பல் பல்லாகத் திறந்தேன்,
அப்படியும் மலைக்கே கேட்கிற மாதிரி
கிறீச்சிட்டது.
"ஒண்ணு எடுத்துக்கடி குமுதா,"
இருட்டுக்குள்ளிருந்து,
"ஒண்ணே ஒண்ணு."
பாதியை எறும்புக்கு வைத்தேன் என்று
சொல்ல ஆசைதான்.

மூன்றாம் நாள் இறங்கும்போது
பை லேசாக ஆடியது.
சாமை தீர்ந்திருந்தது, கொள்ளு தீர்ந்திருந்தது.
அந்தக் கனமெல்லாம் எங்கே போயிருக்கும் என்று
வழிநெடுக நான் யோசிக்கவே இல்லை.

டாக்டர் வீட்டு மெஷினில்
அறுநூறு கிராம் குறைவு.
"பரவாயில்லையே" என்றார்,
முதல் தடவையாக நிமிர்ந்து.

போன முறை ஷூவோடு ஏறியதை
நான் சொல்லவில்லை.