மூன்றாவது நிரல்

கொப்பியின் இடப்பக்கம் கொடுத்தவர்.
வலப்பக்கம் பெற்றவர்.
நடுவில் நான் அடிமட்டம் வைத்து இழுத்த
சிவப்புக் கோடு.

இக்னேஷியஸ், கொட்டாஞ்சேனை: மேசை ஃபேன் ஒன்று.
இரண்டாம் வேகம் மட்டும் வேலை செய்யும்.
நஸ்லியா, கொம்பனித்தெரு: பாதி பிதுக்கிய நீல ட்யூப்.
உத்பலா, நுகேகொடை: தேர்தலில் தோற்ற ஒருவரின்
ஒட்டப்படாத சுவரொட்டிகள் இருநூறு.
பின்பக்கம் வெள்ளை.

கடைகளில் கடதாசி இல்லாத வருடம் அது.
நாங்கள் வரைந்த எதையும்
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்
மரங்களுக்கும் முகங்களுக்கும் பின்னால்
கும்பிட்டபடி ஒருவர் சிரித்தார்.

விதி ஒன்றே ஒன்று:
தந்தவருக்குத் திருப்பித் தரக்கூடாது.
அடுத்த ஆளுக்குப் போகவேண்டும்.

ஃபேன் நஸ்லியாவிடம் போனது, வயர் மாற்றினாள்.
உத்பலாவிடம் போனது, ஓர் இறக்கைக்கு மஞ்சள் பூசினாள்.
ஏன் என்றதற்கு
மஞ்சள் மிச்சமிருந்தது என்றாள்.
கரண்ட் வெட்டிய மாலைகளில் அதன் முன்னால் அமர்ந்து
நம்பிக்கையோடு வியர்த்தோம்.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
இரவில் கொப்பியை விரித்துக் கூட்டிப் பார்ப்பேன்.
எனக்கு வந்தவை ஏழு.
நான் கொடுத்தவை பன்னிரண்டு.
அந்த ஐந்தைக் கற்கண்டு போல
கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு
எல்லோருடனும் பேசினேன்.

தவச்செல்வியின் பெயர் வலப்பக்கம் மூன்று முறை.
இடப்பக்கம் ஒரு முறையும் இல்லை.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவள் முன்னால் பக்கத்தைப் புரட்டினேன், அவ்வளவுதான்,
கொஞ்சம் மெதுவாக.

அடுத்த சந்திப்புக்கு அவள் வரவில்லை.
அதற்கடுத்ததற்கும்.

"போஸ்டர் கட்டை நுகேகொடையிலயிருந்து ஆர் தூக்கிவந்தது?"
நஸ்லியா சும்மாதான் கேட்டாள்.
நான் இல்லை என்றார் இக்னேஷியஸ்.
ஃபேனை உங்கட வீட்டிலயிருந்து ஆர் எடுத்துவந்தது?
நீல ட்யூபை?
மழை நாளில் சாக்குச் சுற்றிய அந்தக் கண்ணாடியை?

138ல், மடியில் ஃபேனோடு,
அதற்கும் அரை டிக்கெட் கேட்டானாம் கொண்டக்டர்.
ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.
நாங்களும் சிரித்தோம்.
பிறகு நான் பேனாவை எடுத்து
பெற்றவர் பெயரை எழுதினேன்.

தெமட்டகொடை. தண்டவாளத்தை ஒட்டிய அறை.
ரயில் போகும்போது கதைப்பதை நிறுத்தி
போனபின் அதே சொல்லில் தொடங்குகிறார்கள் அங்கே.
நான் கொண்டுபோன சொல்லின் நடுவில்
ஒரு ரயில் போனது.
போனபின் அந்தச் சொல்லைக் காணவில்லை.

"டீ குடிக்கிறீங்களா? சீனி இல்ல" என்றாள்.
குடித்தேன்.
"அந்தக் கொப்பியத் தாங்க" என்றாள்.

எழுதப் போகிறாள் என்று நினைத்தேன்.
பேனாகூட நீட்டினேன்.

மரக்கறிக் கத்தியால் பின்களை நெம்பினாள்.
எழுதாத தாள்களை எண்ணி எடுத்தாள், நாற்பத்திரண்டு.
மேசையில் தட்டி ஓரம் சரிசெய்தாள்.
மீதியைச் சட்டையோடு என்னிடம் தந்தாள்.
"எழுதுனத நீங்களே வச்சுக்கங்க.
எனக்கு வெள்ளைதான் வேணும்."

ஃபேனுக்கு இனி அவள் முறை.
உத்பலாவின் படிகளிலிருந்து நானே தூக்கினேன்.
இவ்வளவு பாரம் என்று
எந்தப் பக்கத்திலும் நான் எழுதியதில்லை.

ஹவ்லொக் வீதியில் நெரிசல் விட்டது.
ஜன்னல் காற்று உள்ளே வந்ததும்
என் மடியில் இறக்கைகள் அசைந்தன,
தயங்கின,
பிறகு சுற்றத் தொடங்கின, மஞ்சள் ஒன்றும் மற்ற இரண்டும்.
பிளக் எதிலும் செருகப்படாமல்
முழங்காலுக்குக் கீழே ஆடியது.
பின் ஆசனத்துக் குழந்தை எழுந்து நின்று
முகத்தை நீட்டியது.

கொண்டக்டர் ஃபேனைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.

அவன் கேட்குமுன்
ஒன்றரை என்றேன்.