முப்பத்தொன்றாம் அளவு

நரின் நகரில் பனி. அடுப்பில் ஆட்டெலும்பு கொதிக்கிறது.
மேசையில் பாதி மாவு, பாதி ஈரக் கம்பளி.
எது எதில் ஒட்டியது என்று
ஜோல்தோஷ் இப்போது கேட்பதில்லை:
நூடுல்ஸிலிருந்து ஒரு சிவப்பிழையை எடுத்து
தட்டோரம் வைத்துவிட்டுச் சாப்பிடுகிறான்.

பிரேமனுக்குப் பன்னிரண்டு ஜோடிச் செருப்பு.
வெள்ளிக்கிழமை லாரி.

சின்னவள் காய்ச்சலோடு என் முதுகில்.
சோப்புத் தண்ணீரில் கம்பளியை உருட்ட உருட்டத் தூங்குகிறாள்,
நிறுத்தினால் விழிக்கிறாள்.
அதனால்தான் இரவு ஒன்றரைக்குள்
ஐந்து ஜோடி முடிந்தது.

அளவு பார்க்க எர்மெக்கின் காலைத்தான் இழுப்பேன்;
தூக்கத்திலேயே நீட்டுவான்.
இன்று குதிகால் வெளியே நிற்கிறது.
சுருங்கிவிட்டதோ என்று
நனைத்தேன், இழுத்தேன், மறுபடி மாட்டினேன்.
கம்பளிமேல் குற்றமில்லை.

யாரைக் கேட்டடா வளர்ந்தாய்,
என் முப்பத்தொன்றே?
இன்னும் ஏழு ஜோடி கிடக்கிறது.